மங்கையர்க்கரசி பார்த்துக்கொண்ட விளக்கு

எங்கள் தெருவில் மங்கையர்க்கரசி என்று முழுப் பெயரையும் சொல்கிறவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் ரேஷன் கடைக்காரர். இன்னொருவர் பேரூராட்சி வயர்மேன் சீனிவாசன். மற்றவர்களுக்கு அவர் மங்கை. எனக்குப் பக்கத்து வீட்டு மங்கை அத்தை. ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் நான் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், 2008 ஐப்பசியில் அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிய ஒரே ஒரு வரி. அதை எழுதியிருக்க வேண்டுமா, வேண்டாமா என்று தெருவில் இன்னும் பேசுகிறார்கள். எனக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

செவிலிமேடு தாண்டி பாலாற்றுப் பக்கமாக ஒதுங்கி இருக்கிறது எங்கள் தெரு. முப்பத்திரண்டு வீடுகளில் இருபது வீட்டில் தறி ஓடுகிறது. மெயின் ரோட்டிலிருந்து தெருவுக்கு வர அரை கிலோமீட்டர் மண் பாதை. இரண்டு பக்கமும் வேலிகாத்தான் முள். அந்தப் பாதையில் விளக்கே கிடையாது. தெருவில் இருந்த டியூப் லைட்டுகளும் அந்த வருஷம் இருந்தும் இல்லாத மாதிரிதான். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு கரண்ட் போய்விடும். எட்டு மணிக்குத்தான் வரும்.

மங்கை அத்தை பாவு பிணைக்கிறவர். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவு ஒன்று முடிந்ததும், அதன் நுனியில் மிஞ்சி நிற்கும் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையை முறுக்கிச் சேர்க்க வேண்டும். நாலாயிரம் இழைக்கு மேல் இருக்கும். விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு முறுக்கிக்கொண்டே போவார். ஒரு இழை தப்பினாலும் புடவை முழுக்கக் கோடு ஓடும். அத்தை பிணைத்த பாவில் கோடு ஓடியதாக யாரும் சொன்னதில்லை. முசரவாக்கத்தில் பிறந்து எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். படிப்பு நின்றுபோனதைப் பற்றி அவர் வருத்தப்பட்டு நான் கேட்டதில்லை. ஆனால் பெண் அகிலாவை டிப்ளமா வரை படிக்க வைத்தார்.

அகிலா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். காலை ஆறரைக்கு வேன் வரும். சாயங்காலம் ஏழு மணிக்கு மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். பாதை குறுகல் என்பதால் வேன் உள்ளே வராது. அங்கிருந்து இருட்டில் நடந்து வரவேண்டும். ஒருநாள் முள் ஓரமாக நின்றிருந்த இரண்டு பேர் அவள் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் வந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அத்தையின் கணவர் வீரபாகு மாமா தறியை நிறுத்திவிட்டு ஆறே முக்காலுக்கு டார்ச்சோடு கிளம்ப ஆரம்பித்தார். அவர் அதைச் சந்தோஷமாகச் செய்யவில்லை.

“தீபாவளி வரிக்கும் போவட்டும். அப்பறம் வேணாம்” என்று ஒருநாள் சொல்லிவிட்டார். “பொண்ண இருட்டுல நடக்கவுட்டு சம்பாரிக்கற அளவுக்கு நாம கெட்டுப் போவல.”

அகிலா அழவில்லை. வேலையை விட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவளுக்காக எதையாவது செய்தாக வேண்டும் என்று அத்தை யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், ஆடி மாத ஆரம்பத்தில், பேரூராட்சியிலிருந்து சோதனைக்காக ஒரே ஒரு சோலார் விளக்கு தருவதாக சீனிவாசன் வந்து சொன்னார். பகலில் உச்சியில் இருக்கும் தகடு வழியாக வெயிலை வாங்கி பேட்டரியில் சேர்த்துவைத்து, பொழுது சாய்ந்ததும் தானாக எரியும். கரண்ட் கட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மூன்று மாதம் ஒழுங்காக எரிந்தால் மண் பாதைக்கும் நான்கு விளக்கு கேட்டு மேலே எழுதலாம். ஆனால் தெருவில் யாராவது ஒருவர் பொறுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும்.

தறிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அத்தை பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

விளக்குக் கம்பத்தை முதலில் எதிர்வீட்டுக் கலாவதி வாசலில் நடுவதாகத்தான் இருந்தது. அங்கே புளியமர நிழல் விழும், தகட்டுக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும் என்று சொல்லி அத்தை வீட்டு வாசலில் நட்டுவிட்டார்கள். கலாவதிக்கு அது பிடிக்கவில்லை. மரம் எப்போது நட்டது, விளக்கு எப்போது வந்தது என்று இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்தார்.

பொறுப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வாரம் ஒருமுறை ஏணி வைத்து ஏறி, கம்பத்தின் உச்சியில் இருக்கும் கண்ணாடித் தகட்டை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். மாதம் ஒருமுறை பேட்டரியில் தண்ணீர் அளவு பார்க்க வேண்டும். ஒரு நோட்டில் தினமும் தேதி, எரிய ஆரம்பித்த நேரம், அணைந்த நேரம் எழுத வேண்டும். கடைசியில் “காரணம்” என்று ஒரு கட்டம். விளக்கு எரியாவிட்டால் ஏன் என்று அதில் எழுத வேண்டும். இரண்டரை மாதத்துக்கு மேல் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.

ஒரு விளக்கு எவ்வளவு செய்யும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது. ஆறு மணிக்கு எல்லா வீடும் இருண்டு போகும்போது அது மட்டும் வெள்ளையாக எரியும். பிள்ளைகள் பாய் கொண்டுவந்து போட்டுப் படிப்பார்கள். இருட்டினால் எங்கள் தெருவை எட்டிப் பார்க்காத சுண்டல் வண்டிக்காரர் ஏழு மணிக்கு வந்து நிற்க ஆரம்பித்தார். சாயங்காலம் ஆற்றோரம் போய்வரும் பெண்கள், முன்பெல்லாம் நாலைந்து பேர் சேரட்டும் என்று காத்திருப்பார்கள். இப்போது விளக்கு தெரியும் தூரம் வரை தனியாகவே போய் வந்தார்கள். விடிகாலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடுகிறவர்கள், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வசதியாக அரை மணி முன்னாலேயே ஆரம்பித்தார்கள். கம்பத்தடியில் கட்டுவிரியன் ஒன்று ஊர்ந்து போவதை ஒருநாள் எல்லோரும் பார்த்தோம். அதற்கு முன்னாலும் அது போய்க்கொண்டுதான் இருந்திருக்கும்.

மாமா மட்டும் விளக்கைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பாதையில்தானே இருட்டு, தெருவில் எரிந்து என்ன என்பது அவர் எண்ணம். அத்தைக்கு அது தெரியும். இந்த ஒன்று ஒழுங்காக எரிந்தால்தான் பாதைக்கு நான்கு வரும். நான்கு வந்தால் அகிலா வேலையை விட வேண்டாம். அதனால் நோட்டை பீரோவில் துணிகளுக்கு மேலே வைத்திருந்தார்.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் தெருவில் அன்றைக்குத் தறி ஓடாது. தறியைக் கழுவி, தறிக்கால், நாடா, ராட்டை, கத்தரி எல்லாவற்றுக்கும் விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். சைக்கிளுக்கும் வைப்பார்கள், கிரைண்டருக்கும் வைப்பார்கள். வேலை செய்கிற எந்தப் பொருளையும் விட்டுவிடக்கூடாது. அத்தைக்கு விளக்கின் ஞாபகம் வந்தது. கம்பத்துக்குப் பொட்டு வைத்தார். பிறகு, வெயிலை வாங்குவது மேலே இருக்கும் தகடுதானே என்று ஏணியை வைத்து ஏறினார். வெறும் விபூதி மழையில் கரைந்துவிடும் என்று, பாவுக்குப் போடும் அரிசிக் கஞ்சியில் அதைக் குழைத்து எடுத்துக்கொண்டு போனார். தகட்டின் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, நாலு விரல் அகலத்தில் மூன்று பட்டை. நடுவில் சந்தனம், குங்குமம். நல்ல வெயில். பட்டை அப்படியே இறுகிப் பிடித்துக்கொண்டது. கீழே இருந்து பார்த்தால் தகட்டின் அடிப்புறம்தான் தெரியும் என்பதால் வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று இப்போதே தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அன்றைக்கு விளக்கு நன்றாக எரிந்தது. அடுத்த நாளும் எரிந்தது. பேட்டரியில் சேர்ந்திருந்ததை வைத்து எரிந்திருக்கிறது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்த விஷயம். நாலாம் நாள் ஆறே முக்காலுக்கே மினுக்கி மினுக்கி அணைந்தது. ஐந்தாம் நாள் பத்து நிமிஷம். அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

பிள்ளைகள் கல்லால் அடித்திருப்பார்கள் என்றார்கள். அடிக்கவில்லை என்று பிள்ளைகள் சத்தியம் செய்தார்கள். மழை மேகம் என்றார்கள். அந்த வருஷம் மழை தள்ளிப்போய், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பேட்டரியில் தண்ணீர் குறைந்திருக்கும் என்று ஒருவர் சொன்னார். அத்தை திறந்து பார்த்தார், சரியாக இருந்தது. நிறைந்திருந்ததால்தான் எரியவில்லை என்று இன்னொருவர் சொன்னார். கண்ணாடியில் தூசி இருக்குமோ என்று அத்தை வாரம் ஒருமுறை என்பதை மாற்றித் தினமும் ஏறித் துடைத்தார். அப்போதும் எரியவில்லை. ஒவ்வொரு நாளும் “காரணம்” கட்டத்தில் “தெரியவில்லை” என்று எழுதினார்.

அகிலா முதல் சம்பளத்தில் ஒரு எமர்ஜென்சி லைட் வாங்கி வந்திருந்தாள். தெரு முழுக்க இருட்டாக இருந்தபோது அத்தை வீட்டு ஜன்னலில் மட்டும் வெளிச்சம். குழாயடியில் கலாவதி எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

“ஊருக்கு வெளக்கு பாத்துக்கறன்னு சொன்ன. இப்ப உன் வூட்ல மட்டும் வெளிச்சம் வருது. எப்டிக்கா?”

“அது அகிலா வாங்கினு வந்த லைட்டு. வந்து பாரு.”

“பாக்கறேன். பேட்டரி பொட்டியிலருந்து வயரு எங்க போவுதுன்னும் சேத்துப் பாக்கறேன்.”

அத்தை குடத்தைப் பாதி நிறைந்தபடியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கு அவர் பிணைத்த பாவில் இரண்டு இடத்தில் இழை மாறிப்போனது. அவரே பார்த்துப் பிரித்துத் திரும்பச் சேர்த்தார்.

இதையெல்லாம் விடப் பெரிய குழப்பம் வீட்டுக்குள் இருந்தது. ஏணியை அத்தை எப்போதும் தலைப்பக்கம் கிணற்றைப் பார்த்தபடி சுவரோரம் படுக்க வைப்பார். ஒருநாள் காலையில் அது தலைமாறி இருந்தது. அவர் எடுக்கவில்லை. அகிலாவும் எடுக்கவில்லை. விளக்கு எரியாமல் போனால் பாதைக்கு விளக்கு வராது. வராவிட்டால் தீபாவளியோடு அகிலா வீட்டில் இருப்பாள். அப்படி நடக்க வேண்டும் என்று நினைக்கிறவர் அந்த வீட்டில் ஒருவர்தான். இப்படி யோசித்ததை அத்தை பிற்பாடுதான் என்னிடம் சொன்னார். மாமாவிடம் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. கேட்காமலே பேச்சை நிறுத்திவிட்டார். தட்டில் சோறு வைப்பார். மாமா சாப்பிட்டுவிட்டுத் தறிக்குழியில் இறங்கிவிடுவார். ஏன் பேச்சில்லை என்று அவருக்குத் தெரிந்ததா என்றுகூட அத்தைக்குத் தெரியவில்லை.

தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது சீனிவாசன் வந்தார். மூன்று மாதம் முடிகிறது, அவர் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். நெற்றியில் திருமண் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. மீட்டரை வைத்துப் பேட்டரியைப் பார்த்தார், காலி. வயரைப் பார்த்தார், சரியாக இருந்தது. வயர் எந்த வீட்டுக்கும் போகவில்லை என்பதைக் கலாவதியும் குனிந்து பார்த்துக்கொண்டார். சீனிவாசன் ஏணியில் ஏறினார். மேலேயிருந்தே குரல் கொடுத்தார்.

“அம்மா, மேல யாரு பூஜை பண்ணது?”

“நான்தான் சார். ஆயுத பூஜைக்கு.”

“அதுக்கப்பறம் தொடைக்கவே இல்லியா?”

“தெனம் தொடைக்கறேன் சார். பட்டை மேல கை படாம சுத்தித் தொடைக்கறேன்.”

கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். நாமக்காரர் பட்டையை அழிக்க வந்துவிட்டார் என்று ஒருவர் கிண்டலும் செய்தார். எந்தக் கோடாக இருந்தாலும் கண்ணாடிக்கு ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டே சீனிவாசன் இறங்கினார். தகட்டில் இருக்கும் கட்டங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கோத்தவை, குறுக்கே கொஞ்சம் மறைத்தாலே மொத்தமும் படுத்துவிடும் என்று விளக்கினார். அத்தைக்கு அது பிடிபடவில்லை.

“விபூதி பூசினா வெளிச்சம் கெடுமா சார்? நாமெல்லாம் பூசறமே, கண்ணு தெரியாமலா போவுது?”

“நெத்தியிலதானம்மா பூசறோம். கண்ணு மேல பூசறதில்லியே.”

பட்டையைக் கழுவுவது யார் என்று ஒரு கேள்வி வந்தது. சீனிவாசன் தயங்கினார். அத்தையே ஏறினார். கஞ்சி இறுகியிருந்தது. தேங்காய் நாரால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும் என்றதால், ஈரத்துணியைப் போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, மெல்ல மெல்லத் துடைத்தார். விபூதித் தண்ணீர் மிதிபடக்கூடாது என்று பக்கெட்டில் பிடித்து வேப்பமரத்தடியில் ஊற்றினார். அவர் முகத்தில் அப்போது இருந்தது வெட்கமா, பயமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு சீனிவாசன் நோட்டைக் கேட்டார். வரிசையாகப் பதினோரு “தெரியவில்லை”. இதை இப்படியே கொடுக்க முடியாது, காரணம் வேண்டும் என்றார். கொஞ்சம் யோசித்து, யாருக்கும் கெட்ட பெயர் வேண்டாம், எல்லாவற்றுக்கும் மேகமூட்டம் என்று போட்டுவிடலாமா என்று அவரே கேட்டார்.

“மேகம்னு எழுதினா பாதைக்கு நாலு வெளக்கு வருமா சார்?”

மேகத்துக்கே எரியாது என்றால் இந்தப் பக்கத்துக்கு ஒத்துவராது என்று மேலே இருப்பவர்கள் நினைக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பேட்டரி கோளாறு என்று எழுதினாலும் அதே கதைதான். விளக்கு நல்ல விளக்கு என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமானால் உள்ளதை எழுதவேண்டும். ஆனால் அது ஆபீஸ் காகிதம், பெயரோடு போகும்.

தெருவில் பாதிப்பேர் அங்கே நின்றிருந்தார்கள். மாமா தறியை விட்டு எழுந்து வந்து நிலைப்படியில் நின்றார். கலாவதிதான் முதலில் பேசினார். என்ன இருந்தாலும் விபூதியால் விளக்கு அணைந்தது என்று சர்க்கார் காகிதத்தில் எழுதக்கூடாது, தூசி என்று எழுதினால் போதும் என்றார். பெரியவர்கள் இரண்டு பேர் அதுதான் சரி என்றார்கள்.

“தூசின்னு எழுதினா நான் தொடைக்கலன்னு ஆவும்” என்றார் அத்தை. “தொடைச்சேனே.”

பேனாவை வாங்கிக்கொண்டார். நெடுநேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமி காரியத்தையும் தன் தப்பையும் ஒரே வரியில் எப்படி எழுதுவது என்றுதான் அப்போது புரியாமல் இருந்ததாம். கடைசியில் முதல் “தெரியவில்லை”யை அடித்துவிட்டு, “நான் தகட்டின் மேல் பட்டை பூசியதால் எரியவில்லை” என்று எழுதிப் பக்கத்தில் தன் முழுப் பெயரையும் எழுதினார். ஒன்று போதும் என்று சீனிவாசன் சொன்னார். அத்தை கேட்கவில்லை. பதினோரு கட்டத்திலும் அதே வரியை எழுதிவிட்டுத்தான் நோட்டைக் கொடுத்தார்.

பொறுப்பை வேறு யாருக்காவது மாற்ற வேண்டியிருக்கும் என்று சீனிவாசன் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, கலாவதி தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அத்தை ஏணி இருக்கும் இடத்தைக் காட்டினார்.

அன்று ஆறே முக்காலுக்கு மாமா டார்ச்சோடு கிளம்பியபோது அத்தையும் கூடவே போனார். பாதையில் பாதி தூரம் போனதும், பத்து நாளாகச் சந்தேகப்பட்டதைச் சொல்லிவிட்டார். ஏணி தலைமாறி இருந்ததையும் சொன்னார். மாமா கோபப்படுவார் என்று நினைத்தார்.

“எடுத்தேன்” என்றார் மாமா. “வெளக்கு மினுக்க ஆரம்பிச்ச மறுநாள். வயர புடுங்கி வுட்டா ஒரேயடியா தொல்ல வுடும்னு கம்பம் வரிக்கும் தூக்கினு போனேன். சாத்தி வெச்சுட்டு நின்னேன். அப்பறம் எடுத்தாந்து வெச்சுட்டேன்.”

“ஏன் ஏறல?”

“தெரியல.”

அதைக் கேட்டுத் தான் திட்டுவதா, அழுவதா என்று அத்தைக்குத் தெரியவில்லை. சந்தேகப்பட்டது தப்பு என்று மன்னிப்புக் கேட்கத்தான் அவர் வந்திருந்தார். இப்போது அது பாதி தப்பாகவும் பாதி சரியாகவும் ஆகிவிட்டது. அதற்குள் வேன் வந்து அகிலா இறங்கினாள். இரண்டு பேரும் சேர்ந்து நிற்பதைப் பார்த்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று பயந்துவிட்டாளாம்.

மூன்று நாள் வெயிலில் விளக்கு பழையபடி எரிய ஆரம்பித்தது. தீபாவளி முடிந்த மறுநாள் காலை அத்தை டிபன் பாக்ஸைக் கட்டி வைத்தார். போகலாமா, கூடாதா என்று யாரும் சொல்லவில்லை. அகிலா அதை எடுத்துக்கொண்டு நிலைப்படியில் நின்று போய்வருவதாகச் சொன்னாள். மாமா தறிக்குழியிலிருந்து தலையைத் தூக்காமலே, “ஏழு மணிக்கு ரோட்டுல நிப்பேன்” என்றார்.

தை மாதம் பாதைக்கு விளக்கு வந்தது. நான்கு இல்லை, இரண்டு. மெயின் ரோட்டிலிருந்து பாதி தூரம் வரை இப்போது வெளிச்சம். மிச்சம் பாதி இருட்டு. அத்தை உள்ளதை எழுதியதால்தான் அந்த இரண்டு விளக்காவது வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். பட்டை என்று எழுதியதால்தான் நான்கு இரண்டாகக் குறைந்தது என்று சிலர் சொல்கிறார்கள். சீனிவாசனிடம் கேட்டால், மேலே யார் எதைப் படித்தார்கள் என்று தனக்கே தெரியாது என்கிறார். அத்தையிடமும் கேட்டேன். பாவு பிணைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி யோசித்தார். பிறகு, தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதியபோது ஒன்றும் நடக்கவில்லை, தெரிந்ததை எழுதினால் இப்படிக் கேள்வி கேட்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டு அடுத்த இழையை எடுத்தார்.

மாமா இப்போது மெயின் ரோடு வரை போவதில்லை. இரண்டாவது விளக்கின் அடியில் நிற்கிறார். அங்கே வரைக்கும் அகிலா தனியாக நடந்து வருகிறாள்.